படர்தாமரைக்கு ஒரு பத்தியம்

இந்த ஆண்டு தோல் பிரிவில் பணிக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மருந்துகளைப் பற்றி எழுத எனக்கு உரிமை குறைவு. என் காலத்தைவிட உங்கள் காலத்தில் மருந்துகள் அதிகம்; அவற்றுக்கு அடங்காத படர்தாமரையும் அதிகம். நான் எழுத நினைப்பது சந்தேகத்தைப் பற்றி. அது இல்லாமல் நம் பிரிவில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்பதை நீங்கள் இதற்குள் கண்டிருப்பீர்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்துப் பக்கமுமாக என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. எங்கள் புறநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதிய ஊழியர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கே வந்து சேர்ந்தது: "அந்தம்மா வெத்தலயில சுண்ணாம்பு தடவிக் குடுத்தாலும், இது எந்தக் கடச் சுண்ணாம்புன்னு கேக்கும்." நான் வருந்தவில்லை. உள்ளூர மகிழ்ந்தேன் என்பதே உண்மை. படர்தாமரையோடு வருபவர் யாரும் முதல் கேள்விக்கு உண்மை சொல்வதில்லை. முதல் முறை கேட்டால் ஒன்றும் போடவில்லை என்பார்கள். இரண்டாம் முறை கேட்டால் தேங்காய் எண்ணெய் மட்டும் என்பார்கள். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பையிலிருந்து டியூப் வெளியே வரும். ஆகவே மூன்று முறை கேட்பது என் வழக்கம். அந்த வழக்கம் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு முறை அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் இருந்தபோது நடந்தது.

பொங்கல் முடிந்த வாரம். ஸ்டெல்லா என்ற இளம் தாய், மூன்று மாதப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். கூட அவளுடைய மாமியார் அமலோற்பவம். பிரம்மதேசம் போகும் சாலையில் ஒரு குடியிருப்பு. நடவும் களையெடுப்பும், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையை ஆய்வதும்தான் மாமியாருக்கு வேலை. பாவாடை நாடா கட்டும் இடத்தைச் சுற்றி ஸ்டெல்லாவின் இடுப்பு முழுவதும் வளையம் வளையமாகப் படர்ந்திருந்தது. தொடையிலும் மார்பின் கீழும் இருந்தது. நடுவே ஓரிடத்தில் தோல் வெந்து உரிந்திருந்தது.

"என்ன போட்டே?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"ஒண்ணும் போடலீங்க டாக்டரம்மா," என்றார் மாமியார்.

"வீட்டு வைத்தியம் எதாவது?"

"சீமையகத்தி எலய எலுமிச்சம்பழம் வுட்டு அரைச்சித் தடவனோம். அது எல்லாரும் தடவறதுதான்."

"பூண்டு?"

அமலோற்பவம் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். "அது போன்ல சொன்னாங்க. பச்சப் பூண்ட நசுக்கி வச்சிக் கட்டினா ரெண்டே நாள்ல போய்டும்னு."

"போச்சா?"

"தோலுதான் போச்சி," என்றாள் ஸ்டெல்லா.

அவள் பேசியதில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பையைத் திறக்கச் சொன்னேன். எதிர்பார்த்த டியூப் இருந்தது. அரிப்பை உடனே அடக்கி, படையை உள்ளுக்குள் பரவவிடும் அந்த ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கணவர் வாங்கி வந்தாராம். விக்கிரவாண்டியில் டோல்கேட் பக்கத்து ஓட்டல் ஒன்றில் அவர் புரோட்டா மாஸ்டர். வாரம் ஒரு முறை வீட்டுக்கு வருவார்.

"லாரிக்காரங்க எல்லாம் இதத்தான் போடறாங்களாம். இவரும் போட்டுக்கினு, எனக்கும் குடுத்தாரு."

"அவருக்கும் இருக்கா?"

"அவருகிட்டருந்துதாங்க வந்ததே."

"இன்னாடி பேச்சு இது, டாக்டரம்மா கிட்ட," என்றார் மாமியார். ஆனால் மறுக்கவில்லை.

அன்று நான் செய்த வைத்தியத்தில் குறை காண உங்களால் முடியாது. பால் கொடுப்பவள் என்பதால் மாத்திரையைத் தவிர்த்தேன். களிம்பு கொடுத்தேன். கணவரையும் அழைத்து வரச் சொன்னேன். துண்டைத் தனியாக வைப்பது, துணியைக் கொதிநீரில் நனைத்து வெயிலில் உலர்த்துவது, ஈரப் பாவாடையோடு நிற்காமலிருப்பது எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை கதவைத் தாண்டி நின்றது. எழுந்து போகும்போது அவர்கள் எதையோ கேட்டார்கள். நான் எதையோ சொல்லி அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். ஸ்டெல்லாவின் இடுப்பைப் பார்த்தேன். வளையங்கள் மங்கி, ஓரங்கள் தணிந்து, தோல் அழகாகத் தேறிக்கொண்டிருந்தது. சீட்டில் அதை எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. ரவிக்கையின் கைகள் தொளதொளத்தன. மருத்துவர்களாகிய நாம் தோலைப் பார்த்த பிறகுதான் மனிதரைப் பார்க்கிறோம் என்பது ஒரு வெட்கம். அவள் தோளில் இருந்த குழந்தை அழவில்லை. நாலு மாதக் குழந்தை, புதிய இடத்தில், ஐந்து நிமிடமாக எந்தச் சத்தமும் இல்லாமல் கிடந்தது.

பக்கத்து அறையில் எடை பார்க்கச் சொன்னேன். தடுப்பூசி அட்டையில் முந்தைய மாதம் குறித்திருந்ததைவிடக் குறைவு.

"பால் இருக்குதா?"

"கம்மிதாங்க. சக்கரத் தண்ணி குடுக்கறோம்."

"நீ என்ன சாப்பிடறே?"

"காலையில கேப்பக் கூழு. மத்தியானம் சோறு, மொளகு ரசம்."

"முட்டை?"

"இல்லீங்க."

"கருவாடு? பருப்பு? மல்லாட்டை?"

"இல்லீங்க. எதுவும் தொடல." அதைச் சொல்லும்போது அவள் தலை சற்று நிமிர்ந்தது. பள்ளியில் சரியான பதில் சொல்லும் பிள்ளையைப் போல என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

"ஏன் தொடல?"

"பத்தியம்."

"யார் சொன்னது?"

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். அமலோற்பவம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வுடுங்கம்மா. இனிமே எல்லாம் குடுக்கறேன்," என்றார்.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மருமகளிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் மாமியார் பதில் சொல்கிறார். பிறந்திருப்பது பெண் குழந்தை. பிள்ளைபெற்றவளுக்குச் சோற்றை அளந்து போடுகிறார். இத்தனை ஆண்டுகளில் இத்தகைய வீடுகளை நான் பார்த்திருந்தேன். கிறிஸ்தவர்களின் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியிருந்தது, அதைச் சாக்காக வைத்து நடத்துகிறாரா என்றும் ஒரு யோசனை ஓடியது. நாற்பது பேர் காத்திருந்த அந்த அறையில், குரலை உயர்த்தாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, அமலோற்பவத்தை நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் ஒரு பெண், "தோ, இதுங்களாலதான் பொண்ணுங்க பொழப்பே பேஜாராப் போவுது," என்றாள். அவர் அதற்கும் திரும்பவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

தாயையும் குழந்தையையும் வார்டில் சேர்த்தோம். குழந்தை மருத்துவர் மாலையில் என்னை அழைத்துச் சொன்னார்: "நோய் எதுவும் இல்லை, மேடம். பசிதான். தாய்க்கு எடுத்து அணைக்கிற தெம்பே இல்லை. அதனால் பால் கொடுக்கும் நேரம் குறைந்து, பாலும் குறைந்து போயிருக்கிறது. இன்னும் பத்து நாள் இப்படியே போயிருந்தால், ஒரு வயிற்றுப்போக்கு வந்தாலே குழந்தை தாங்கியிருக்காது."

மறுநாள் ஸ்டெல்லாவைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"அத்த மேல ஒண்ணும் இல்லீங்க."

"பயப்படாம சொல்லு."

"பயம் எதுக்குங்க? அத்த நல்லாத்தான் பாத்துக்குது." மறுபடியும் அதே பார்வை, என் முகத்தில் எதையோ தேடுவது போல. "நீங்க கோச்சிக்காதீங்க. இன்னா பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியல."

நான் அதையும் அச்சம் என்றே எடுத்துக்கொண்டேன். ஒருவர் மேல் சந்தேகம் உறைந்துவிட்டால், அவருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு எதிரான சான்றாகிவிடும். குழந்தை நல அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வேண்டுமென்றே உணவு மறுக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று அதில் ஒரு வரி. அந்தக் கடிதம் போனால் விசாரணை வரும். ஊர் பார்க்க ஆட்கள் வந்து இறங்குவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பில் அமலோற்பவம் எப்படித் தலை நிமிர்வார் என்று நான் யோசிக்கவில்லை. குழந்தை எனக்குப் பெரிது. கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டேன். அனுப்புவதற்கு முன் வீட்டை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இரக்கத்தால் அல்ல. சான்று போதாதோ என்ற சந்தேகத்தால்.

அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரோடு காலை பத்து மணிக்குப் போனேன். ஊரில் அவரை எல்லாரும் நர்சம்மா என்பார்கள். அமலோற்பவம் வார்டுக்கு எடுத்துப்போக அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தூக்குவாளியில் சோறு தயாராக இருந்தது. எங்களைக் கண்டதும் பாயை விரித்தார். நான் உட்காரவில்லை. பானைகளைத் திறந்து பார்க்கும்படி நர்சம்மாவிடம் கண் காட்டினேன்.

நர்சம்மா பார்த்தார். "ஒரே பானைச் சோறுதான் மேடம். வேற கொழம்பு எதுவும் இல்ல." பிறகு மாமியாரிடம், "நீ இன்னா சாப்புடற?" என்றார்.

"இதேதான்."

"உனக்கு இன்னாத்துக்குப் பத்தியம்? உனக்குப் படை இருக்குதா?"

"அவள வச்சிக்கினு நான் கருவாடு வறுத்தா வாசன போவாதா? சின்னப் பொண்ணு, நாக்கு கேக்கும். பொம்மையார்பாளையத்துக் கருவாட்டுக்காரம்மாவ இந்தப் பக்கமே வராதன்னு சொல்லிட்டேன். ஆயப் போன எடத்துல கூலிக்குக் குடுத்த மல்லாட்டை ஒரு மூட்டை இருந்தது. அதையும் தங்கச்சி வூட்ல கொண்டாந்து போட்டுட்டேன். என் மவன் முட்டப் புரோட்டா கொண்டாந்தான். வாசல்லயே நிறுத்தி, ரோட்லயே துன்னுட்டு வாடான்னுட்டேன்."

இதை ஒரு குற்றவாளி சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. வேலையைக் கணக்காகச் செய்து முடித்தவர் சொல்லும் குரல் அது. "யார் இதெல்லாம் விடச் சொன்னது?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

அவர் எழுந்தார். சுவரில் கோயில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. அதிலிருந்து எங்கள் மருத்துவமனைச் சீட்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, என்னிடம் கொடுக்காமல் நர்சம்மாவிடம் கொடுத்தார்.

நர்சம்மா வாயைத் திறந்தார், படிக்கவில்லை. என்னிடம் நீட்டினார். கத்திரிக்காய், கருவாடு, முட்டை, பருப்பு, மல்லாட்டை வேண்டாம். நோயாளிகளுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில், தெளிவாக, அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை வேறு யாருடையது என்றும் சொல்ல வழியில்லை.

உங்களுக்கு இது நடக்காது என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் எந்த நோயாளியும் "என்னா சாப்புடக் கூடாது?" என்று கேட்காமல் எழுந்து போவதில்லை. பணியில் சேர்ந்த புதிதில், எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மேலிருந்த மூத்த மருத்துவர் ஒருவர், நல்லவர், கைராசிக்காரர் என்று பெயர் பெற்றவர், என்னை அழைத்துச் சொன்னார்: "எதையும் விடச் சொல்லாத டாக்டரை அவர்கள் டாக்டராகவே மதிக்க மாட்டார்கள். மருந்தையும் போட மாட்டார்கள். கத்திரிக்காய், கருவாடு என்று ஏதாவது சொல்லி அனுப்பு. யாருக்கு என்ன நஷ்டம்?" அவர் சொன்னது பலித்தது. பத்தியம் சொன்ன பிறகு மருந்தை ஒழுங்காகப் போட்டார்கள். நாளடைவில் அந்தப் பட்டியல் என் கை தானாக எழுதும் ஒன்றாகிவிட்டது. கறியும் மீனும் பாலும் தாராளமாக உள்ள வீட்டில் அதனால் நஷ்டமில்லைதான். கருவாடும் கடலையும் தவிர வேறு சத்தில்லாத வீட்டில், பால் கொடுக்கும் ஒருத்தியிடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்பதை அந்தச் சுவரோரம் நின்றுதான் கணக்கிட்டேன்.

நர்சம்மாதான் முதலில் பேசினார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்பிடி சொல்றது? அத்தினி பேரு உக்காந்துக்கினு இருக்காங்க. இவங்க எழுதினத இவங்களே மறந்துட்டாங்கன்னு அங்க சொன்னா, அப்புறம் யாரு இவங்ககிட்ட மருந்து வாங்குவாங்க?" அமலோற்பவம் என்னைப் பார்க்காமல் ரசத்தை இறக்கினார். "ஸ்டெல்லா வேற, டாக்டரம்மா நம்மள சோதிச்சிப் பாக்கறாங்க அத்தன்னு சொன்னா. இருக்கும்னு நானும் நெனச்சேன்."

நான் பாயில் உட்கார்ந்தேன். "அம்மா, அதெல்லாம் சாப்பிடலாம். இந்தப் படைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"எல்லாரும் கேக்கறாங்க. ஏதாவது சொன்னாத்தான் மருந்தையும் நம்பிப் போடறாங்க. அதனால எழுதினேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் தூக்கின் மூடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "ஆனா படை எறங்கிடிச்சே."

"அது களிம்புல எறங்கினது."

"அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்? ரெண்டையும் ஒண்ணாத்தான செஞ்சோம்?"

எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாதாடிப் பயனில்லை, என் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பு போயிருந்தது, போனது நியாயமும்கூட. "சரி," என்றேன். "இன்னிலேருந்து பத்தியத்த விட்டுடுங்க. களிம்பு மட்டும் போடட்டும். படை திரும்ப வந்தா, அந்த நாற்பது பேர் முன்னாலயே வந்து என்னைக் கேளுங்க."

அவர் தூக்கின் மூடியை ஓரமாக வைத்தார். பிறகு நர்சம்மாவிடம், "ஜல்தியா போய் என் தங்கச்சிகிட்ட அந்த மல்லாட்டை மூட்டைய குடுத்தனுப்பச் சொல்லு," என்றார். அன்று பிற்பகல் வார்டுக்குப் போன தூக்கில் வேகவைத்த கடலை இருந்தது. என் பையில் இருந்த கடிதத்தை மருத்துவமனை வாசலிலேயே கிழித்தேன். மறுநாள் புறநோயாளி வரிசை நிரம்பியிருந்த நேரத்தில் அமலோற்பவத்தை அழைத்து, பத்தியத்தை எழுதியது நான்தான், இவரைத் திட்டியது என் தவறு என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அதனால் யாரும் என்னிடம் மருந்து வாங்காமல் போகவில்லை. அமலோற்பவத்துக்குத்தான் சங்கடமாக இருந்தது. "போதும் வுடுங்கம்மா, ஜனம் வேடிக்க பாக்குது," என்றார்.

என் இளம் சகாக்களே, என்ன சாப்பிடக் கூடாது என்று கேட்பவரிடம், சர்க்கரை நோய் போன்ற காரணம் இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, அவர் உங்களை நம்பாமல் பார்க்கும் அந்த அரை நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அரை நிமிடத்துக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. இன்னொன்று: யார் சொன்னது என்று மூன்று முறை கேட்கும் வழக்கத்தை விடாதீர்கள், ஆனால் முதல் முறை கேட்பதற்கு முன்பு, சீட்டின் இரண்டு பக்கத்தையும் வாங்கிப் பாருங்கள்.

குழந்தை வார்டில் பதினோரு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்க நான் இரண்டு மாடி ஏறிப் போனேன். ஆறாம் நாளிலிருந்து எடை ஏறியது. ஸ்டெல்லா உட்கார்ந்தபடியே மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். அவள் இடுப்பில் புதிய வளையம் எதுவும் வரவில்லை. அதை நான் பார்ப்பதற்கு முன்பே மாமியார் தினமும் பார்த்துவிட்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குழந்தை என் கையில் இருந்தாள். அமலோற்பவம், "எல்லாம் சாப்புடலாம்னு எழுதிக் குடுத்துடுங்க," என்றார். குழந்தையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு எழுதினேன்: கருவாடு, முட்டை, பருப்பு, மல்லாட்டை, கத்திரிக்காய், எல்லாம் சாப்பிடலாம், தாய் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். கையெழுத்திட்டு நீட்டினேன். அவர் அதை வாங்கி, அவர்களை அழைத்துப்போக வந்து கட்டிலருகே நின்றிருந்த நர்சம்மாவிடம் கொடுத்தார்.

"நீ படி. மெதுவாப் படி."

நர்சம்மா படித்தார். அமலோற்பவம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குதா பாரு."

"ஒண்ணும் இல்ல."

"நல்லா பாத்தியா?"

நர்சம்மா சீட்டைத் திருப்பி அவர் கண்ணெதிரே காட்டினார். வெறுந்தாள். அதன் பிறகுதான் அமலோற்பவம் இரண்டு கையையும் நீட்டி, குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.